ஆங்கிலத்திற் பறப்புச் சொற்களின் வரலாறு

1903ஆம் ஆண்டு மார்கழி 17ஆந் திகதி, அமெரிக்காவின் கீழைக் கரையிலே கிற்றி ஹோக் என்னும் ஊரை அடுத்த மணல்மேட்டில், ஓவில் றைற் என்பார் பொறி பூட்டிய ஊர்தியொன்றிற் குப்புறப் படுத்தவாறு 12 விநாடி நேரம் பறந்து 120 அடி தூரஞ் சென்றார். அவரும் அவர்தம் தமையனார் வில்பரும் ஆங்கிலம் பேசியோர்; அவர்தம் ஊர்தி உருவானதும் ஆங்கிலம் வழங்கும் நாட்டிலேயே. ஆயினும், இன்று ஆங்கிலம் பேசும் ஒருவர் விமானத்தின் உறுப்புக்களைப் பெயர் சொல்லிச் சுட்டும்போது அவர் வாயினின்று வருவனவற்றுட் பல பிரெஞ்சுச் சொற்கள். விமானத்தின் உடல் 'பியூசிலாஜ்', சிறகின் பின்னோரத்தில் அசையுந் தகடு 'எய்லரன்', பொறியைப் பொதிந்துள்ள கூடு 'நசெல்', வாற்பகுதி 'எம்பெனாஜ்', விமானத்தை நிறுத்திவைக்குங் கொட்டகை 'ஹங்கார்'. முதலிற் பறந்தோர் மொழி ஒன்றாகவும் பறப்பின் மொழி வேறொன்றாகவும் அமைந்தமைக்குக் காரணம் யாது? இவ்வினாவுக்குரிய விடை அகராதியில் மட்டும் அகப்படுவதன்று, வரலாற்றிலே தேடற்பாலது.

முதலில் இச்சொற்களின் பொருளை நோக்குதல் வேண்டும். பியூசிலாஜ் என்பது நூல் நூற்குங் கதிரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லினடியாகப் பிறந்தது. நடுவிற் பருத்து இருமுனையுஞ் சிறுத்த வடிவத்தால் அப்பெயர் பெற்றது. எய்லரன் என்பது சிறு சிறகு. நசெல் என்பது சிறு படகு. இலத்தீன் மொழியிற் கப்பலைக் குறிக்கும் சொல்லின் குறுமை வடிவத்தினின்று வந்தது. எம்பெனாஜ் என்பது அம்பின் அடியிற் கட்டும் இறகு. ஹங்கார் என்பது வண்டிகளை மழை வெயில் படாது விடும் கொட்டிலன்றி வேறில்லை. புதிய பொறிக்கு மிகப் பழைய பெயர்கள்! கதிரும் படகும் அம்பும் வண்டிக் கொட்டிலுமே வானத்துக்கு ஏறியுள்ளன.

பிரெஞ்சு மொழி இத்துறையிற் பெற்ற முதன்மைக்கு வித்து 1783ஆம் ஆண்டில் இடப்பட்டது. அவ்வாண்டு ஆனி 4ஆந் திகதி மொங்கொல்பியே சகோதரர் அன்னோனே என்னும் ஊரிற் சூடேறிய காற்று நிரப்பிய கூண்டொன்றை மக்கள் காண வானத்தில் ஏற்றினர். புரட்டாதி மாதத்தில் வெர்சேய் அரண்மனை முன்றலிலிருந்து ஓர் ஆடும் ஒரு வாத்தும் ஒரு சேவலும் ஏறிச் சென்றன. கார்த்திகை 21ஆந் திகதி பிலாத்ர் டெ றொசியே என்பாரும் பிரபு ஒருவரும் பரிஸ் நகரின்மேல் மிதந்தனர். பத்து நாள் கழித்துப் பேராசிரியர் சார்ல்ஸ் ஐதரசன் வாயு நிரப்பிய கூண்டில் ஏறினார். ஆறு மாத காலத்துள் வானம் மனிதனுக்குத் திறந்துவிட்டது; திறந்த இடம் பிரான்சு.

ஆங்கிலேயர் இக்கூண்டுக்கு வழங்கிய 'பலூன்' என்னும் பெயர் முன்னரே அவர்தம் மொழியில் இருந்தது. இத்தாலிய மொழியிற் பெரும் பந்தைக் குறித்த அச்சொல், காற்றடைத்த தோற்பந்தினால் ஆடும் விளையாட்டொன்றின் பெயராகவே ஆங்கிலத்தில் வழங்கிற்று. 1783ஆம் ஆண்டுச் செய்தி அப்பழம்பொருளை அறவே மறைத்துவிட்டது. 'பரசூற்' என்பதும் அக்காலத்துப் பிரெஞ்சு ஆக்கமே. வெயிலைத் தடுப்பது பரசோல் எனப்பட்டாற்போல, வீழ்ச்சியைத் தடுப்பது பரசூற் எனப்பட்டது. கார்ணரின் என்பார் 1797ஆம் ஆண்டு பரிஸ் நகரிற் பலூனிலிருந்து அதன் துணைகொண்டு இறங்கிக் காட்டினார். பலூன் ஏறுவோர் புறப்படுமுன் காற்றின் போக்கை அறியச் சிறு பலூன் ஒன்றைப் பறக்கவிடும் வழக்கமும் அங்கிருந்தே வந்தது. அதனைக் குறித்த பிரெஞ்சுத் தொடரை ஆங்கிலம் 'றயல் பலூன்' என மொழிபெயர்த்துக்கொண்டது. இன்று ஒரு மந்திரி வரி விதிக்க எண்ணி, அவ்வெண்ணத்தைப் பத்திரிகைகளிற் கசியவிட்டு மக்கள் முகத்தை நோக்குவாராயின் அவர் விட்டது 'றயல் பலூன்' என்பர். காற்று எதிர்த்து வீசின், அப்படியோர் எண்ணமே இருந்ததில்லை என்று கூறிவிடலாம். சிறு பலூன் போனால் நட்டமொன்றுமில்லை.

இனி, ஆங்கில நாட்டில் அறிஞர் இலரோவெனின், இருந்தனர். விமானவியலின் தந்தை எனப் போற்றப்படும் சேர் ஜோர்ஜ் கேலி என்பார் யோக்சயர் நாட்டினர். அசையாச் சிறகு தாங்கவும் வேறொரு கருவி உந்தவும் பறக்கலாம் என்னும் உண்மையை 1799ஆம் ஆண்டிலேயே வெள்ளித் தகட்டொன்றிற் பொறித்துவைத்தவர் அவர். ஆனால், அவர் தாம் கண்ட பொருளுக்கு நிலைக்கத்தக்க பெயர் இட்டாரல்லர். 1852ஆம் ஆண்டில் தமது மிதவை ஊர்தியை அவர் 'செலுத்தத்தக்க பரசூற்' என்றே வருணித்தார். பொருள் அவருடையது, சொல் பிரெஞ்சுக்காரருடையது. அப்பெயரும் நிலைக்கவில்லை.

பிரான்சிலோ பெயரிடும் வேலை விரைந்து நடந்தது. 1855ஆம் ஆண்டில் யோசப் பிலீன் என்பார் 'ஏரோபிளேன்' என்னுஞ் சொல்லை வழங்கினார். 1861ஆம் ஆண்டில் பொன்ரோன் டாமெகூர் என்னும் பிரபு கிரேக்க மொழியில் திருகு, சிறகு என்னும் பொருள்தரும் இரு சொற்களைப் புணர்த்தி 'ஹெலிகொப்ரர்' என்பதற்கு மூலமான பெயரை ஆக்கினார். 1863ஆம் ஆண்டில் லா லாண்டெல் என்பார் பறவையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'ஏவியேஷன்' என்பதை உருவாக்கினார். இவர் கடற்படையிற் பணியாற்றியவர், கடற்கதைகள் எழுதியவர் என்பது நினைவில் வைக்கத்தக்கது. இம்மூவர் இப்பெயர்களை இட்ட காலத்து மனிதன் பொறி பூட்டிய விமானத்திற் பறந்தானில்லை. பெயர் முன்னும் பொருள் பின்னுமாகப் பிறந்த புதுமை இது.

ஹெலிகொப்ரர் என்னும் பெயருக்கு ஆங்கிலத்தில் நேர்ந்த கதி சுவையானது. 'ஹெலிகோ' என்பதும் 'ப்ரர்' என்பதுமே அதன் உறுப்புக்கள். பொதுமக்களோ கிரேக்கம் அறியாராதலின் அதனை 'ஹெலி' என்றும் 'கொப்ரர்' என்றும் பிளந்தனர். அப்பிழையான பிளவிலிருந்தே அது இறங்குமிடத்துக்கு 'ஹெலிபாட்' என்னும் பெயர் பிறந்தது. இலக்கணம் கற்றோர் தலையசைத்துக்கொண்டிருக்க, சொல் தன் வழியே போய்விட்டது.

றைற் சகோதரரிடம் மீள்வோமாயின் முதல் வினாவுக்கு விடை கிடைக்கும். அவர்கள் 1906ஆம் ஆண்டு பெற்ற ஆக்கவுரிமைப் பத்திரத்தில் 'ஏரோபிளேன்' என்னுஞ் சொல் வருகின்றது. ஆயின் அது முழு ஊர்தியையுங் குறியாது, சிறகுப் பரப்பினை மட்டுமே குறிக்கின்றது. ஊர்தியை அவர்கள் 'பறக்கும் பொறி' என்றனர். முன்புறத்தே ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஆளும் தகட்டினை 'படுக்கைச் சுக்கான்' என்றனர். எளிய சொற்கள், பொருள் விளங்குஞ் சொற்கள். ஆயினும் அவற்றைக் கேட்டவர் எத்துணையர்? தம் கண்டுபிடிப்பைப் பிறர் கவர்வர் என்றஞ்சி, 1905ஆம் ஆண்டு ஐப்பசி தொடக்கம் 1908ஆம் ஆண்டு வைகாசி வரை அவர்கள் பறத்தலையே நிறுத்தியிருந்தனர்.

அவ்விடைக்காலத்தில் பரிஸ் நகரத்தார் கண்முன்னே பறப்பு விழாக்கோலம் பூண்டது. 1906ஆம் ஆண்டு கார்த்திகையில் பிரேசில் நாட்டவராகிய சந்தோஸ் டூமோன் அங்கு 220 மீற்றர் பறந்தார். 1908ஆம் ஆண்டு தையில் பார்மன் என்பார் ஒரு கிலோமீற்றர் வட்டஞ் சுற்றி வந்தார். 1909ஆம் ஆண்டு ஆடி 25ஆந் திகதி புளேரியோ என்பார் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து டோவர் நகரில் இறங்கினார். அடுத்த மாதம் றீம்ஸ் நகரில் நடந்த பறப்புவிழாவைக் காணப் பெருந்திரள் கூடிற்று. இலண்டன் பத்திரிகை நிருபர் அங்கே கண்டதை எழுதினர். கேட்ட பெயரையே எழுதினர். எய்லரனும் பியூசிலாஜும் அவ்வழியாகவே கடல் கடந்தன. இதில் ஒரு முரண் உண்டு. எய்லரன் போன்ற அமைப்புக்கு 1868ஆம் ஆண்டிலேயே ஆக்கவுரிமை பெற்றவர் போல்ரன் என்னும் ஆங்கிலேயர். அப்பத்திரத்தை எவருந் திருப்பிப் பார்த்திலர். நாற்பது ஆண்டு கழித்து அவர் நாட்டவர் அக்கருவியைப் பிரெஞ்சுப் பெயராலே அறிந்துகொண்டனர். கலைச்சொல்லாக்கம் பற்றி நம் நாட்டில் நடைபெற்றுவரும் வாதங்களுக்கு இச்செய்தி ஒரு சான்றாகும். ஒரு பொருளின் பெயரை முடிவு செய்வது அதனை ஆக்கியவர் உரிமை என்றும் சொற்குழுவின் உரிமை என்றும் கருதுவர். இங்கு முடிவு செய்தது வேடிக்கை பார்த்த கூட்டமும் அதனைக் குறித்தெழுதிய பத்திரிகையுமே.

பிரெஞ்சு வழி வந்தவை ஒருபாலாக, ஆங்கிலப் பறப்புச் சொற்களிற் பெரும்பகுதி கடல்வழி வந்தவை. பலூன் காலத்திலிருந்தே வானம் ஒரு கடலாகவும் ஊர்தி ஒரு கப்பலாகவும் எண்ணப்பட்டன. பலூன் ஏறுபவன் 'ஏரோநோற்', அதாவது காற்றுக் கடலோடி. விண்வெளிக்குச் செல்வோனும் 'அஸ்ரோநோற்', அதாவது விண்மீன் கடலோடி. வான்பயணத்திற் சிலருக்கு உண்டாகும் குமட்டலின் ஆங்கிலப் பெயராகிய 'நோசியா' என்பதுங்கூடக் கப்பலைக் குறிக்கும் கிரேக்க வேரினின்று பிறந்ததே. பைலற், கப்ரன், கபின், சுக்கானைக் குறிக்கும் றடர், துறைமுகத்தை உள்ளடக்கிய எயர்போட் ஆகியவற்றை விரித்தல் வேண்டா. 1930ஆம் ஆண்டுகளிற் பான் அமெரிக்கன் நிறுவனத்தார் நீரில் இறங்கும் பெரும் பறக்கும் படகுகளைச் சமுத்திரங்களின்மேற் செலுத்தியபோது, அவற்றுக்குப் பழைய விரைவுப் பாய்க்கப்பலின் பெயராகிய 'கிளிப்பர்' என்பதையே சூட்டினர். விமானிகளுக்குக் கடற்படையினரை ஒத்த உடையும் பதவிப்பெயரும் வழங்கினர். இன்றைய விமானியின் சட்டைக் கையிலுள்ள பொன்வரிகள் அவ்வழக்கத்தின் எச்சமாம்.

பயணிகள் விமானத்தின் இடப்பக்க வாயிலால் ஏறுவதும் அத்தகையதே. பழைய வடகடற் படகுகளில் திசைதிருப்பும் துடுப்பு வலப்புறத்தே கட்டப்பட்டிருந்தது. அதனால் வலப்பக்கம் 'ஸ்ரார்போட்', அதாவது திருப்பும் பக்கம் எனப்பட்டது. துடுப்பு இருக்கும் பக்கத்தைத் துறையோடு உராயவிடலாகாதாகையால் படகு இடப்பக்கமாகவே கரையணைந்தது. இடப்பக்கத்துக்கு முன்பு வழங்கிய 'லார்போட்' என்னும் பெயர் ஸ்ரார்போட் என்பதோடு ஓசையில் மயங்கியதால், புயலிற் கட்டளை கேட்கும் மாலுமிக்கு இடர் விளைத்தது. எனவே, 1844ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை அமைச்சு அதனை நீக்கித் துறைப்பக்கம் என்னும் பொருள்பட 'போட்' என்பதை விதித்தது. விமானத்தின் இடச்சிறகில் சிவப்பு விளக்கும் வலச்சிறகிற் பச்சை விளக்கும் எரிவது கப்பல் விதியே.

விமானத்தின் வேகத்தை 'நொற்' என்னும் அலகால் அளப்பர். நொற் என்பது முடிச்சு. முற்காலத்தில் மாலுமிகள் கயிறு கட்டிய மரத்துண்டொன்றைக் கப்பலின் பின்னே எறிவர். கயிற்றில் ஏறக்குறைய 47 அடிக்கு ஒரு முடிச்சு இடப்பட்டிருக்கும். 28 விநாடியில் ஒழுகி முடியும் மணற்கன்னலைக் கவிழ்த்துவைத்து, அந்நேரத்துள் எத்தனை முடிச்சுக் கைவழியே ஓடின என எண்ணுவர். அவ்வெண்ணே கப்பலின் வேகம். எறியப்பட்ட மரத்துண்டு 'லொக்'. வேகத்தைக் குறித்துவைத்த ஏடு 'லொக் புத்தகம்'. விமானி தன் பறப்பு நேரங்களைப் பதியும் ஏட்டுக்கும் அதே பெயர். இன்று கணினியுட் புகும் மாணவன் 'லொக் இன்' செய்கின்றான். கடலில் எறிந்த கட்டை இத்துணைத் தூரம் மிதந்து வந்துள்ளது.

இவ்வகைச் சொற்களுள் மிக நீண்ட வழி நடந்தது 'கொக்பிற்' என்பதாகும். சேவற்சண்டை நிகழ்த்துங் குழியே அதன் முதற்பொருள். இடுக்கமும் இரைச்சலும் குருதியும் நிறைந்த அவ்விடத்தின் பெயரைப் போர்க்கப்பலின் அடித்தளத்திலே காயமுற்றோரைக் கிடத்திச் சத்திரவைத்தியஞ் செய்யும் இருட்டறைக்கு மாலுமிகள் இட்டனர். 1805ஆம் ஆண்டு திரபல்கர்ப் போரிற் குண்டுபட்ட நெல்சன் தளபதி உயிர்நீத்தது அத்தகைய கொக்பிற்றிலேயே. பின்னர்ச் சிறு பாய்ப்படகிற் சுக்கான் பிடிப்போன் அமரும் பள்ளத்துக்கு அது பெயராயிற்று. அங்கிருந்து விமானியின் இருக்கைக்கு ஏறிற்று.

தமிழ்மொழியும் இவ்விரு வழிகளையும் அறியும். 'ஆகாயக் கப்பல்' என்று ஒரு காலத்து வழங்கிய தொடர் கடல்வழி வந்தது. 'விமானம்' என்பது தேவர் ஊர்தியாகவும் கோயிற் கருவறைமேல் எழுந்த கட்டடமாகவும் நெடுங்காலம் வழங்கிப் பின்னரே பொறியின் பெயராயிற்று. 'வானவூர்தி' என்னுஞ் சொல்லோ புறநானூற்றிலேயே உள்ளது. அதனைக் கொண்டு பண்டைத் தமிழர் விமானம் செலுத்தினர் என்று மேடையில் முழங்குவோர் சொல் வேறு, பொருள் வேறு என்பதை மறந்தவராவர். ஏரோபிளேன் என்னும் பெயர் பிறந்த 1855ஆம் ஆண்டில் பிரான்சில் விமானம் பறக்கவில்லை அன்றோ?

இதுகாறுங் கூறியவை பறப்புக்கு வந்த சொற்கள். பறப்பிலிருந்து பொதுவழக்குக்குச் சென்ற தொடர்களோ பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டினவாகும். அவற்றிற் பல இரு பெரும் போர்களின் பிள்ளைகள். இரண்டாம் போரிற் செர்மானிய விமான எதிர்ப்புப் பீரங்கியின் நீண்ட பெயரைச் சுருக்கி ஆக்கிய 'பிளாக்' என்பது இன்று கடுங் கண்டனத்தைக் குறிக்கின்றது. பொறியிற் காரணமின்றிக் கோளாறு விளைக்கும் குட்டிப்பேயாகப் பிரித்தானிய விமானப்படையினர் கற்பித்த 'கிரெம்லின்' இன்று எந்த இயந்திரத்திலும் குடியிருக்கலாம். சிதைந்த விமானத்தை ஒற்றைச் சிறகும் பிரார்த்தனையுமாகக் கரைசேர்த்தல் என்னுந் தொடர் 1943ஆம் ஆண்டின் அமெரிக்கப் பாடலொன்றாற் பரவிற்று. போதிய ஆயத்தமின்றி நம்பிக்கை ஒன்றையே துணையாகக்கொண்டு ஒரு கருமத்தை முடித்தலை இப்போது அது குறிக்கும்.

பொதுவழக்கிற்கு வந்தபின் பொருள் தலைகீழான தொடர்களும் உள. 'குருட்டுப் பறப்பு' என்பது அவற்றுள் ஒன்று. தொடக்ககால விமானி தன் உடலுணர்வையே நம்பினான். சாய்வையும் சரிவையும் இருக்கையின் அழுத்தத்தால் உணர்ந்தான். இதனையே 'காற்சட்டையின் இருக்கைப்புறத்தாற் பறத்தல்' என்று நகைச்சுவைபடக் கூறினர். 1938ஆம் ஆண்டில் டக்ளஸ் கொரிகன் என்பார் நியூயோர்க்கிலிருந்து கலிபோர்ணியா செல்வதாகக் கூறிப் புறப்பட்டு, மறுதிசையில் அயர்லாந்திற் போய் இறங்கி, திசைகாட்டியைத் தவறாகப் பார்த்துவிட்டதாகச் சாதித்தபோது பத்திரிகைகள் அத்தொடரை எங்கும் பரப்பின. அவர் முன்பு சமுத்திரங் கடக்க அனுமதி கேட்டு மறுக்கப்பட்டவர் என்பதை அறிந்தோர் அவ்விளக்கத்தை நம்பினாரல்லர். ஆனால், முகிலுட் புகுந்தபின் உடலுணர்வு பொய்க்கும்; நேரே செல்வதாக எண்ணியிருப்பவன் சுழன்று வீழ்ந்துகொண்டிருப்பான். அதனாற் பல உயிர் மாண்டன. 1929ஆம் ஆண்டு புரட்டாதி 24ஆந் திகதி ஜேம்ஸ் டூலிற்றில் என்பார் மூடிய கூண்டுக்குள் அமர்ந்து, வெளியே எதனையும் நோக்காது, கருவிகளின் முட்களை மட்டுமே பார்த்து ஏறி, பறந்து, இறங்கினார். குருட்டுப் பறப்பு எனப்பட்டது இந்த நுண்ணிய கலையே. அதாவது, மிக நம்பத்தக்க தகவலைக்கொண்டு பறத்தல். பொதுமக்கள் வாயிலோ, எவ்விதத் தகவலுமின்றித் தடுமாறிச் செயற்படுதல் என அது மாறிவிட்டது.

'கறுப்புப் பெட்டி'யும் அவ்வாறே. உள்ளே நிகழ்வது அறியப்படாத பொருளைக் கறுப்புப் பெட்டி என்பது வழக்கு. விமானத்திலுள்ளதோ நிகழ்ந்ததை அறிவிப்பதற்கே வைக்கப்பட்டது. அதன் நிறமும் எளிதிற் கண்டெடுக்கத்தக்க செம்மஞ்சள். அவுஸ்திரேலியரான டேவிட் வாரன் 1950ஆம் ஆண்டுகளில் விமானியறைப் பேச்சையும் கருவி அளவுகளையும் ஒருங்கே பதியும் பொறியை ஆக்கியபோது முதலில் அதனை வரவேற்றோர் சிலரே. 'உறையைத் தள்ளுதல்' என்னுந் தொடரைக் கேட்கும் மாணவர் கடித உறையை நினைப்பது இயல்பு. அவ்வுறை கணிதத்துக்குரியது. ஒரு விமானம் எவ்வுயரத்தில் எவ்வேகத்திற் பாதுகாப்பாகப் பறக்கலாம் என்பதை வரைபிற் குறித்தால், அப்புள்ளிகளைச் சூழ்ந்து ஓர் எல்லைக்கோடு அமையும், அதுவே உறை. சோதனை விமானிகள் அக்கோட்டைச் சிறிது சிறிதாக வெளியே தள்ளினர். உயிரைப் பணயம் வைத்தே தள்ளினர். ரொம் வூல்ப் என்பார் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால் அத்தொடர் நாடறிந்ததாயிற்று. வணிகக் கூட்டங்களில் அதனை வழங்குவோர் பணயம் வைப்பது அத்துணைப் பெரிதன்று.

பறப்போடு தொடர்புடையன போலத் தோன்றி ஏமாற்றுவனவும் பல. சிறப்பாகத் தேறிய மாணவன் 'பறக்கும் நிறங்களோடு' தேறினான் என்பர். அந்நிறங்கள் வெற்றிபெற்ற கப்பலிற் பறந்த கொடிகளாம். ஆயத்தமின்றிச் செய்தலைக் குறிக்கும் 'விங் இற்' என்பதிலுள்ள சிறகு நாடகமேடையின் பக்கத்தட்டி. பாடம் வராத நடிகன் அதன் மறைவில் நின்று படித்துக்கொண்ட கதை அது. 'முழு ஒன்பது யார்' என்னுந் தொடர் இரண்டாம் உலகப் போரில் விமானத் துப்பாக்கியின் குண்டுப்பட்டை நீளத்தால் வந்தது எனப் பலர் உறுதியாகக் கூறுவர். ஆனால், அது 1907ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலப் பத்திரிகையிலேயே காணப்படுகின்றது. அதனை அடுத்த ஆண்டுகளில் 'முழு ஆறு யார்' எனவும் வழங்கியிருக்கின்றனர். போருக்கு முப்பது ஆண்டு முந்திய தொடருக்குப் போர் தாயாதல் இயலாது. சொல்வரலாற்றில் ஆண்டுக்கணக்கைப்போல் இரக்கமற்ற நீதிபதி வேறில்லை.

'பிளைற்' என்னும் அடிப்படைச் சொல்லே இரட்டைப் பிறவியாம். பறத்தல் என்னும் வினையிலிருந்து ஒன்றும், தப்பியோடுதல் என்னும் வினையிலிருந்து மற்றொன்றும் பிறந்து ஓர் உருவம் பெற்றன. 1607ஆம் ஆண்டு அயர்லாந்தின் வடபகுதிப் பிரபுக்கள் ஆங்கில ஆட்சிக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஏகியதைச் சரித்திர நூல்கள் 'பிரபுக்களின் பிளைற்' என்னும். அவர்கள் பறந்தாரல்லர், கப்பலேறிப் போயினர். விடைத்தாளில் அதனைப் பறப்பு என மொழிபெயர்த்தல் பெரும் பிழையாய் முடியும்.

இறுதியாக வானொலியில் வழங்கும் இரு சொற்களைக் குறிப்பிடலாம். 1920ஆம் ஆண்டுகளில் இலண்டனை அடுத்த குரோய்டன் நிலையத்துக்கும் பரிஸ் நகரின் லெ பூர்ஜே நிலையத்துக்கும் இடையே விமானப் போக்குவரத்து மிகுந்தது. ஆபத்தில் உள்ள விமானி வாயாற் கூறுவதற்கு ஒரு சொல் வேண்டியதாயிற்று. தந்திக்குரிய 'எஸ் ஓ எஸ்' பேச்சில் தெளிவாகக் கேளாது. குரோய்டன் வானொலி அதிகாரி மொக்போட் என்பார் 1923ஆம் ஆண்டில் 'மேடே' என்பதைத் தெரிந்தார். எனக்கு உதவுக என்னும் பிரெஞ்சு மொழித்தொடரின் ஒலியே அது; ஆங்கிலக் காதுக்கு மே மாத முதல்நாட் கொண்டாட்டம் போல் ஒலிக்கும். 1927ஆம் ஆண்டு வாஷிங்ரன் மாநாடு அதனை உலகுக்குப் பொதுவாக்கிற்று. மற்றையது 'ரொஜர்'. செய்தி கிடைத்தது என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை அக்கால எழுத்துப் பெயர்ப்பட்டியல் ரொஜர் என்றே அழைத்தது. 1956ஆம் ஆண்டில் அப்பட்டியல் மாற்றப்பட்டு அவ்வெழுத்து 'ரோமியோ' ஆயிற்று. எழுத்தைக் கூட்டும்போது விமானிகள் ரோமியோ என்றே கூறுகின்றனர். செய்தி கிடைத்தது என்று அறிவிக்கும்போது மட்டும் இன்றும் ரொஜர் என்றே விடையிறுக்கின்றனர்.